கரைக்கு எட்டாத குரல்

கிண்ணியாக் கரையில் நின்று வடக்கே நோக்குபவனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தின் திசை தெரியும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என வல்லரசுகள் பலவும் அதனைக் கைப்பற்றப் போட்டியிட்டன. அத்துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் ஒன்றோடொன்று கலக்கும் வாயிலில், கடலையும் வயலையும் நம்பி வாழும் மக்களின் ஊர் கிண்ணியா. இரண்டுக்கும் இடையே நீரின் தூரம் சிறிது. வரலாறு உண்டாக்கிய தூரமோ பெரிது. 396 மீற்றர் நீளமான பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, இவ்வூர் மக்கள் 'பாதை' என்று தாம் வழங்கும் மிதவையில் ஏறியே அக்கரை சேர்ந்தனர். நோயாளியும் பிரசவ வேதனையுற்ற தாயும் கூட அந்த மிதவைக்காகக் காத்திருந்தனர்.

இந்தக் கரையை மனத்திற்கொண்டே நாம் ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். வெள்ளமோ புயலோ தீயோ வந்துற்றபோது முதலில் ஓடிவரவேண்டியவர்கள் தீயணைப்பு வீரர், நோயாளர் காவு வண்டிச் சாரதி, கிராம உத்தியோகத்தர், சபை ஊழியர், மீட்புப் படகோட்டி ஆகியோர். இவர்கள் ஒருவரோடொருவர் பேசுதற்கான வானொலித் தொடர்புக் கருவி பழுதுற்றால், அதனை மாற்றிப் புதியது வாங்கிக் கொடுப்பது எவர் கடமை? அதற்கான பணம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது?

இது கணக்கப்பிள்ளையின் கவலை, வரலாற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக் கூடும். தொடர்பு உண்டு. செய்தி எவரை முதலில் அடைந்தது, எவரை இறுதியில் அடைந்தது, எவரை அடையாமலே போயிற்று என்பதை ஆராய்ந்தால், எந்த உயிர்கள் கணக்கில் எடுக்கப்பட்டன, எவை எடுக்கப்படவில்லை என்பது தெளிவாகும்.

நமது தீவில் விரைவுச் செய்தியின் கதை புறாக்களிலிருந்து தொடங்குகிறது. 1850களில், காலித் துறைமுகத்துக்கு வரும் தபாற் கப்பல்கள் கொணர்ந்த செய்திகளைக் கொழும்பிலிருந்த ஆங்கிலப் பத்திரிகையொன்று புறாக்களின் மூலம் பெற்று வெளியிட்டது. கோப்பித் தோட்ட முதலாளிகளின் காலம் அது. ஐரோப்பியச் சந்தையின் விலை நிலவரம் ஒருநாள் முந்தித் தெரிவதும் பிந்தித் தெரிவதும் அவர்களுக்குப் பெருத்த இலாப நட்டம். 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. புறாக்கள் ஓய்வு பெற்றன. வணிகனின் தேவைக்காகப் பழைய சாதனம் கழிக்கப்பட்டுப் புதியது அமர்த்தப்பட்ட முதல் மாற்றங்களுள் இதுவும் ஒன்று. அன்று எவரும் 'பணமில்லை' என்று கூறவில்லை.

கால் நூற்றாண்டு கழிந்தது. 1883 ஓகஸ்ட் 27ஆம் நாள் சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியது. முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் மாண்ட அந்தப் பேரழிவின் செய்தி கடலடித் தந்தி வழியாக லண்டன் மாநகரத்தின் கப்பற் காப்புறுதிக்காரரையும் பத்திரிகைகளையும் விரைந்து சேர்ந்தது. அதே எரிமலை எழுப்பிய அலை சில மணி நேரத்தில் இலங்கைக் கரையையும் தொட்டது. கிழக்குக் கரையின் பாணமையில் ஒரு பெண் உயிரிழந்தாள் என்று அறிகிறோம். ஆழ்கடலின் அடியால் கம்பி போட்டு லண்டனுக்குச் செய்தி அனுப்ப வல்ல நாகரிகம், கரையில் நின்ற ஒரு பெண்ணுக்கு 'விலகி நில்' என்று சொல்ல வழி வைத்திருக்கவில்லை. அறிவியல் குறைபட்டதால் நேர்ந்ததன்று இது. அக்கம்பி அவளுக்காகப் போடப்பட்டதன்று; அவ்வளவே காரணம்.

அடுத்து வந்தது கம்பியில்லாத் தந்தி. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அபாயக் குரலைக் கேட்டு வந்த கப்பலே நூற்றுக்கணக்கானோரைக் காத்தது. அப்பாடத்தைக் கொண்டு 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் உருவாயிற்று. பெருங் கப்பல்கள் வானொலிக் கருவியை வைத்திருத்தல் வேண்டுமென்றும், அக்குரலுக்காக எப்போதும் செவிமடுத்தல் வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. எத்துணைச் சிறந்த விதி! ஆனால் அவ்விதி கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஏற்பட்டதன்று. நமது நாட்டிலும் வானொலி விரைவாகவே வந்தது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கியொன்றின் உறுப்புக்களைக் கொண்டு 1923இல் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆசியாவின் முன்னோடி நிலையங்களுள் ஒன்றென்று அதனைப் பெருமையோடு குறிப்பிடுகிறோம். பெருமை நியாயமானதே. ஆயினும் பாட்டையும் பேச்சையும் வீட்டுக்குள் கொண்டுவந்த அந்தக் காற்றலை, ஆபத்தில் அகப்பட்டவன் தன் குரலை அனுப்பும் வழியாக ஊர்களுக்கு வந்து சேர்வதற்கு மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இரண்டாம் உலகப் போரில் கிண்ணியாவுக்கு மிக அருகிலேயே வானொலியின் வல்லமை நிரூபிக்கப்பட்டது. 1942 ஏப்ரில் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானமொன்றில் கனடிய விமானி லெனாட் பர்ச்சோல் யப்பானியக் கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன்னர் செய்தியைக் கம்பியில்லாத் தந்தியால் அனுப்பிவிட்டார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரில் 9ஆம் நாள் திருகோணமலையும் சீனன்குடா விமானத் தளமும் தாக்கப்பட்டன. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தமையால் இரு துறைமுகங்களிலிருந்தும் கப்பல்கள் பல வெளியேற்றப்பட்டிருந்தன. வெளியேறிய கப்பல்களுள் ஒன்றான ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டதும் உண்மையே. எனினும் ஒரு சில சொற்கள் காற்றில் ஏறிச் சென்றதால் துறைமுகம் ஆயத்தமாக நின்றது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. எச்சரிக்கையின் பயன் இந்தக் குடாவில் அன்றே ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பித்தவர்கள் அதனைத் தம் கப்பல்களுக்காக மெய்ப்பித்தனர்.

1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் இலங்கை அரசிடம் கையளித்தனர். ஏழு ஆண்டுகள் கழிந்து, 1964 டிசம்பர் 22ஆம் நாள், பெரும் புயலொன்று திருகோணமலையை அண்டிய கிழக்குக் கரையைத் தாக்கி, வவுனியா வழியாகத் தீவைக் குறுக்கே கடந்து, பாக்கு நீரிணையை அடைந்தது. அன்றிரவு தனுஷ்கோடி அழிந்தது. நிலையத்தை நெருங்கிய பாம்பன் புகைவண்டிக்குச் சமிக்ஞை விளக்கு எரியவில்லை. சிறிது நேரம் காத்திருந்த சாரதி நீண்ட ஊதலொன்றை எழுப்பிவிட்டு வண்டியை முன்செலுத்தினார். எழுந்த அலை வண்டியை நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு வாரிச் சென்றது. காலையில் ஈழத்தின் கிழக்குக் கரையில் நின்ற புயல் இரவில் இராமேசுவரத் தீவுக்கு வந்ததே, இடையில் ஒரு பகல் முழுதும் இருந்ததே என்று எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. இருளில் நின்ற அந்தச் சாரதியிடம் ஊதல் இருந்தது, வானொலி இல்லை. ஊதல் ஒருவழிக் குரல். அதற்கு மறுமொழி கூறுவாரில்லை.

சரியாக நாற்பது ஆண்டுகளின் பின், 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னதாகச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. அவாய்த் தீவிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் நில நடுக்கத்தைக் கால் மணி நேரத்தில் அறிந்துவிட்டது. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுத்தது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. கிண்ணியாவின் கரையோரக் குடிகளையும் வைத்தியசாலையையும் அலை நொறுக்கியது. தீவு முழுவதிலும் முப்பத்தையாயிரம் பேரளவில் மாண்டனர். தெற்கே பெரேலியாவில் மீண்டும் ஒரு புகைவண்டி! அவ்வண்டியை இடையில் நிறுத்தப் புகையிரத அதிகாரிகள் முயன்றனர், நிலையத்தில் தொலைபேசி ஒலித்தது, எடுப்பாரில்லை. ஓடும் வண்டியின் சாரதியோடு பேச வழியில்லை. ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டோர் அங்கே இறந்தனர். தனுஷ்கோடிக்கும் பெரேலியாவுக்கும் இடையே மனிதன் சந்திரனில் கால் வைத்தான். செய்மதிகள் பூமியைச் சுற்றின. அந்த இரு சாரதிகளின் நிலையில் மட்டும் மாற்றமில்லை.

அதே நாளில், அதே அலையில், வேறொன்றும் நிகழ்ந்தது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு தம் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அவ்வூரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையமொன்று இயங்கியது. கடலின் நிலையை மீனவருக்கு அறிவிக்கும் ஒலிபெருக்கி அங்கே இருந்தது. ஊரார் அதனை முழக்கினர். மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடினர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது. இந்நிகழ்ச்சியைத் தற்செயலென்று தள்ளிவிடுதல் கூடாது. தொலைபேசி அழைப்பு தற்செயலாக இருக்கலாம்; ஒலிபெருக்கி தற்செயலன்று. அது நாள்தோறும் பேசியது. ஆகவே பேரிடரன்றும் பேசியது. நாள்தோறும் ஊராரின் கையில் இருந்தமையால் அது பழுதுற்றால் அன்றே தெரியும். திருத்தவேண்டும் என்ற எண்ணமும் அன்றே பிறக்கும். அலுமாரியில் பூட்டி வைத்த கருவி இறந்துபோனதைப் பேரிடர் நாளிலேதான் அறிகிறோம். பயன்பாடே பராமரிப்பின் தாய் என்பது இதன் பாடம்.

இவ்விடத்தில் போர்க்காலத்தையும் நாம் மறைத்துவிட இயலாது. திருகோணமலையில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல நிறுவனம் 1980களில் அமைத்த அஞ்சல் நிலையத்தின் உயர்ந்த கோபுரங்கள் ஆசியாவெங்கும் குரலைப் பரப்பின. அதே மாகாணத்தின் சாதாரண மனிதனுக்கோ வானொலித் தொடர்புக் கருவி என்பது படையினன் தோளில் தொங்கும் பொருள். தன் கையில் இருந்தால் தன்னைச் சந்தேகத்துக்கு ஆளாக்கும் பொருள். 1990களில் போர்ப் பிரதேசங்களுக்குப் பற்றரி கொண்டுசெல்லவும் தடை இருந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் செய்தி கேட்டனர். செய்தி கேட்பதற்கே சக்கரம் சுழற்ற வேண்டியிருந்த காலத்தில், செய்தி சொல்லும் கருவி பொதுமக்களின் சபைகளுக்கு எவ்வாறு வந்து சேரும்?

2006 ஓகஸ்டில் மூதூரில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் ஊழியர் பதினேழு பேர், பதினாறு தமிழரும் ஒரு முஸ்லிமும், போரிடையே அகப்பட்டுத் தம் அலுவலகத்தில் தங்கியிருந்தனர். திருகோணமலையிலிருந்த தலைமையகத்தோடு அவர்கள் வானொலியில் பேசிக்கொண்டிருந்தனர். 4ஆம் நாள் காலைவரை அத்தொடர்பு இருந்தது. பின்னர் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நிலையில் காணப்பட்டனர். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அங்கே கருவி பழுதுறவில்லை. குரல் வளைகுடாவைக் கடந்து வந்து சேர்ந்தது. அக்குரலின் பின்னே சென்று அவர்களை மீட்டுவரும் கை எழவில்லை. ஆகவே கருவி மட்டும் போதும் என்று நாம் வாதிக்கவில்லை. கேட்கும் காதும், கேட்டபின் அசையும் கையும், அக்கை அசையாவிடின் கேள்வி கேட்கும் சட்டமும் வேண்டும்.

கடற்கோளின் பின் உலகம் இரங்கியது. பணமும் பொருளும் வந்தன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றியது. கரையோரமெங்கும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. சர்வோதய இயக்கமும் லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து முப்பத்திரண்டு ஊர்களில், செய்மதி வானொலி முதல் கைத்தொலைபேசி வரை ஐவகைச் சாதனங்களை வைத்துச் சோதனை நடத்தின. இவை நல்ல முயற்சிகள், ஏளனத்துக்குரியன அல்ல.

ஆனால் இவற்றின் பின்கதையை நோக்குக. சோதிக்கப்பட்ட சாதனங்களுள் ஒன்றான செய்மதி வானொலியை நடத்திய வேர்ல்ட்ஸ்பேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2008இல் வங்குரோத்தானது, சேவை நின்றது, பெட்டி வெறும் பெட்டியாயிற்று. கோபுரங்கள் பல, உப்புக் காற்றில் அரிக்கப்பட்டும், உதிரிப் பாகம் கிடையாமலும் செயலிழந்தன என்ற செய்திகள் பின்னர் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன. வானொலிக் கருவியின் ஆயுள் மனித ஆயுளினும் குறுகியது. பற்றரி சில ஆண்டுகளில் மின்னைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழக்கும், ஏரியல் துருப்பிடிக்கும், உயர்ந்த இடத்தில் நின்று குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம் ஒன்று பழுதானால், நேர்கோட்டில் மட்டும் செல்லும் அந்த அலை அப்பாலுள்ள ஊருக்கு எட்டாது. கருவியைச் செய்த கம்பனி அவ்வகையைக் கைவிட்டுப் புதுவகை விற்கத் தொடங்கினால் பழையதற்குப் பாகம் கிடையாது. நன்கொடையாளன் கருவியை ஒருமுறை தருவான்; நாடாவை வெட்டிப் படமெடுத்துக்கொள்வான். பத்தாம் ஆண்டில் பற்றரி வாங்க வரமாட்டான். தானமாக வந்த பொருளுக்கு வாரிசு இல்லை.

வாரிசு எவர்? நியாயப்படி உள்ளூராட்சிச் சபையே. நம் நாட்டில் தீயணைப்புப் பிரிவுகள் பெரும்பாலும் மாநகர, நகர சபைகளின் கீழேயே இயங்குகின்றன. கிண்ணியாவில் நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கிப் பொதுச் சுகாதாரத்தையும், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும், பாதைகளையும் அவற்றிடம் ஒப்படைத்தது. கடமை கொடுக்கப்பட்டது, அக்கடமைக்கேற்ற வருமானம் கொடுக்கப்பட்டதா? நிலத்தாலும் நெல்லாலும் மீனாலும் வாழும் ஊர்களில் ஆதன வரி எவ்வளவு திரளும்? திரள்வதில் சம்பளமும் குப்பை வண்டியும் தெருவிளக்கும் போக, வானொலிப் பற்றரிக்கு எஞ்சுவது யாது? 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது; இறக்குமதிகள் நின்றன; நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக் காலம் முடிந்தது. பணமில்லை என்ற காரணத்தால் தேர்தல் பிற்போடப்பட்டு, 2025 மே 6ஆம் நாளே நடந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாக, நமது சபைகளில் மக்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இருக்கவில்லை. பழுதான கருவியைச் சுட்டிக்காட்டி 'ஏன் மாற்றவில்லை' என்று கேட்கும் ஆசனமே வெறுமையாகக் கிடந்தது. சனநாயகம் நின்றுபோன இடத்தில் பற்றரியும் நின்றுபோகும்.

பணக்கார நாடுகளில் இத்தொல்லை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நியூயோர்க் நகரில் 1993இல் உலக வணிக மையத்தில் குண்டு வெடித்தபோதே, தீயணைப்பு வீரரின் வானொலிகள் அவ்வுயர்ந்த மாடிகளுள் சரிவரக் கேட்பதில்லை என்பது தெரிந்துவிட்டது. 2001 மார்ச்சில் புதிய கருவிகள் கொடுக்கப்பட்டன; வீரர் ஒருவரின் அபாயக் குரல் அவற்றில் கேட்காமற் போகவே, சில நாட்களிலேயே அவை திரும்பப் பெறப்பட்டு, பழையவையே மீண்டும் கொடுக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் 343 தீயணைப்பு வீரர் மாண்டனர். 'வெளியேறுக' என்ற கட்டளை வடக்குக் கோபுரத்திலிருந்த பலரின் காதுகளை எட்டவில்லை. உலகச் செல்வத்தின் தலைநகரத்திலேயே, தொழிலாளியின் கையிலிருந்த கருவி எட்டாண்டுகளாகத் தீராத பிரச்சினையாகக் கிடந்தது. இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கொள்ளலாம். செல்வம் இருந்தால் மட்டும் போதாது, அதனை எதற்கு முதலிற் செலவிடுவது என்ற தீர்மானம் வேண்டும் என்பது ஒன்று. கருவியைப் பயன்படுத்தும் மனிதனைக் கலக்காமல், அவன் கையிற் சோதிக்காமல் வாங்கிய புதுமை பழமையினும் ஆபத்தானது என்பது மற்றொன்று.

இனி ஏழை நாடொன்றைப் பார்ப்போம். 1970 நவம்பரில் வங்கக் கரையைத் தாக்கிய போலாப் புயல் மூன்று இலட்சத்துக்குக் குறையாத உயிர்களைக் குடித்தது. விடுதலை பெற்ற வங்காள தேசம், போரின் புண்கள் ஆறுமுன்னரே, 1972இல் புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கியது. தலைநகரிலிருந்து கரையோர நிலையங்கள்வரை வானொலி வலை ஒன்று. அவ்வலையின் முனையில், ஊரூராகத் தெரிவுசெய்யப்பட்ட தொண்டர்கள். அவர்கள் கையில் ஒலிபெருக்கியும் கைச் சங்கும் கொடியும். வானொலியில் வந்த செய்தியைச் சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு வீடாகக் கொண்டு சென்றார்கள். 1991இல் வந்த புயல் ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேரைக் கொன்றது. வலை இன்னும் போதவில்லை. அவர்கள் கைவிடவில்லை; தொண்டரைப் பெருக்கினர், புகலிடங்களைக் கட்டினர். 2007இல் சித்ர் என்ற கடும் புயலில் மாண்டோர் ஏறத்தாழ மூவாயிரத்து நானூறு பேர். ஒவ்வொரு மரணமும் துயரே. எனினும் இலட்சங்களிலிருந்து ஆயிரங்களாக இறங்கிய இந்தக் கணக்கு, இயற்கை மனமிரங்கியதால் வந்ததன்று. ஒரு ஏழைச் சமுதாயம் ஆண்டுதோறும் செய்த பராமரிப்பின் பலன் அது.

'கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடே இல்லாத இக்காலத்தில் பழைய வானொலி எதற்கு?' என்று வினவுவோர்க்கும் விடை கூறுதல் வேண்டும். தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின் தடைப்பட்டால் அதன் பற்றரி சில மணி நேரமே தாங்கும். எல்லோரும் ஒரே வேளையில் அழைத்தால் வழி அடைபடும்; 2012 ஏப்ரில் 11ஆம் நாள் சுமாத்திராவில் மீண்டும் பூமி அதிர்ந்து கரையோர மக்கள் வெளியேறியபோது இதனை நேரிற் கண்டோம். தொலைபேசி ஒருவன் ஒருவனோடு பேசும் சாதனம். வானொலியோ ஒருவன் பேச, அதே அலைவரிசையிலுள்ள அனைவரும் ஒருங்கே கேட்கும் சாதனம். மீட்புப் பணியில் இவ்வேறுபாடே உயிர்நிலை.

கிண்ணியா இக்கேள்வியை மறக்க இயலாத ஊர். 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, குறிஞ்சாக்கேணியில் பாலம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தமையால் மக்கள் ஏறிச் சென்ற மிதவை கவிழ்ந்தது. பாடசாலை சென்ற பிஞ்சுகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் அன்று இறந்தனர். பாலம் எவர் பொறுப்பு, மிதவை எவர் பொறுப்பு, மீட்பு எவர் பொறுப்பு என்று அதன் பின்னரே நாடு வினவியது. பொறுப்புக்கள் பல கூறுகளாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் உயிர் அக்கூறுகளின் இடைவெளியில் விழுகிறது. வானொலிக் கருவியின் நிலையும் இதுவே. பொலிசுக்கு ஒரு வலை, கடற்படைக்கு ஒரு வலை, அனர்த்த நிலையத்துக்கு ஒரு வலை. மக்களின் சபைக்கு உரியதென்று சொல்ல எது உண்டு?

2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வாப் புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மலைநாட்டில் மண் சரிந்து ஊர்கள் புதைந்தன. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தன. திருகோணமலையின் தென்பகுதியில் மகாவலி பெருகியது. மாவிலாற்றின் கட்டு உடைந்து மக்கள் வெளியேற நேர்ந்தது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில், உரிய அளவில் வரவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. 1956இல் ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தின் நிழல், 1987இல் தமிழும் ஆட்சிமொழியாயிற்று என்று எழுதிய பின்னரும், அபாய அறிவிப்பின்மீது விழுந்து கிடக்கிறது. புரியாத மொழியில் வந்த எச்சரிக்கை கடலின் இரைச்சலுக்கு ஒப்பானது. கருவி எத்துணைப் புதியதாயினும், அதன் மறுமுனையில் நம் மொழி பேசும் மனிதன் இல்லையேல் அது ஊமைக் கருவியே.

ஆகவே நாம் கோருவது புதுமை மோகத்தால் எழுந்த கோரிக்கையன்று. உள்ளூராட்சிச் சபை ஒவ்வொன்றின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் அவசரத் தொடர்புக் கருவிகளின் தேய்மானத்துக்கும் மாற்றீட்டுக்கும் தனியொரு வரி எழுதப்படல் வேண்டும். அதற்கான பங்கை மத்திய அரசும் மாகாண சபையும் சட்டப்படி வழங்குதல் வேண்டும். தீயணைப்போனும் மீனவர் சங்கமும் வைத்தியசாலை ஊழியரும் சபையோடு சேர்ந்து கருவியைத் தெரிவுசெய்தல் வேண்டும். அக்கருவி கடல் நிலையையும் மழை அளவையும் அறிவித்து நாள்தோறும் பேசுதல் வேண்டும். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள்வரை அச்செய்தி தடையின்றிச் சென்று சேர வழி வகுத்தல் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பேசவல்லவர் இரவும் பகலும் செவிமடுத்திருத்தல் வேண்டும். கிண்ணியாவின் கரையில் முஸ்லிம், தமிழன், சிங்களவன் என்று பார்த்து அலை வருவதில்லை. எச்சரிக்கையும் அவ்வாறு பார்த்து வருதல் ஆகாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் செய்வதற்குக் காரியம் உண்டு. சபையின் வரவு செலவுத் திட்டம் பொதுமக்கள் பார்வையிடக்கூடிய ஆவணம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் கையில் இருக்கிறது. நம் ஊர்ச் சபையிடம் எத்தனை தொடர்புக் கருவிகள் உள்ளன, அவற்றுள் எத்தனை பேசும், கடைசியாகச் சோதித்த நாள் யாது, மாற்றுவதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்போம். விடையைப் பாடசாலைச் சுவரில் ஒட்டுவோம். 1858இல் வணிகனுக்காகப் புறாவை ஓய்வுறச் செய்து கம்பி இழுத்தவர்கள் அதனை வீண் செலவென்று கருதவில்லை. மக்களுக்காக ஒரு பற்றரியை மாற்றுவதும் வீண் செலவாகாது.